உப்புத்தாளை எடுக்கும் முன் டிராயிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் அலுமினிய உதிரிபாகங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வளைவான பாகங்களில் நல்ல மேற்பரப்பு வேண்டுமானால் ஐந்து அச்சு (ஆக்சிஸ்) இயந்திரம், அதாவது கட்டரைச் சாய்த்தும் வெட்டுகிற மெஷின், வாங்கியாக வேண்டும் என்பது போல அது முடிந்திருந்தது. வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கட்டும். மூன்று நேர்த்திசையில் மட்டும் நகரும் மூன்று அச்சு வி.எம்.சி. மெஷினை வங்கிக் கடனில் எடுத்து ஓட்டுகிற சிறு பட்டறைக்காரர்கள் கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே ஏராளம். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவர்கள் மனம் தளரக்கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை வேலந்தாவளத்தில், கேரளப் பக்கம். மெஷினைத் தம்பி ஓட்டுகிறான், கட்டர் போக வேண்டிய பாதையைக் கம்ப்யூட்டரில் வகுக்கும் கேம் (CAM) புரோகிராமை நான் போடுகிறேன். போனில் "புரோகிராமர் சார் இருக்காருங்களா?" என்று கேட்கிறவர்கள், நான்தான் என்றதும் ஒரு நொடி பேச்சை நிறுத்துவது எனக்குப் பழகிவிட்டது. கோவை ஃபவுண்டரிகளுக்கு பம்ப் இம்பெல்லர் (சுழலும் இறக்கைச் சக்கரம்) மணலில் வார்ப்பதற்கான பேட்டர்ன் என்னும் மாதிரி உரு, கோழிக்கோட்டுச் செருப்புக் கம்பெனிகளுக்கு பி.யு. (பாலியூரித்தேன்) சோல் வார்க்கும் அச்சு, கஞ்சிக்கோட்டிலிருந்து அவ்வப்போது வரும் சில்லறை ஜாப்கள், இவைதான் எங்கள் பிழைப்பு. எல்லாமே அலுமினியம். நேர்க்கோடு இருக்கிற ஜாப் எங்களுக்கு வருவதே அபூர்வம்.

வருகிற டிராயிங்குகளில் பெரும்பாலானவற்றில் நீளம், அகலம், ஆரம் எல்லாம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை இருக்கும். மேற்பரப்புக்கு மட்டும் "ஸ்மூத் ஃபினிஷ்" என்று இரண்டு வார்த்தை. டெலிவரி எடுக்க வந்த ஒரு சூப்பர்வைசர் கட்டைவிரலால் ஜாப்பைத் தடவிவிட்டு, "சேச்சி, கை வெச்சா வழுக்கணும், அவ்வளவுதான்" என்றார். அவர் விரல் வேறு, அடுத்த மாதம் வரப்போகிறவரின் விரல் வேறு. அந்த வழுக்கலை வரவழைக்க ஊர் முழுக்க எல்லோரும் செய்வது ஒன்றுதான்: மெஷினில் அகலமாக ஓட்டி நேரத்தை மிச்சம் பிடித்துவிட்டு, ஜாப்பைப் பையன்களிடம் கொடுத்து உப்புத்தாளும் பஃபிங்கும் போடச் சொல்வது. என் ஆட்சேபம் அதன் மேல்தான்.

கணக்கைச் சொல்கிறேன். உருண்டை முனை கொண்ட பால்நோஸ் கட்டர் வளைவின் மேல் வரி வரியாகப் போகும்போது, இரண்டு வரிக்கும் நடுவே ஒரு சிறு வரப்பு நிற்கும். வரிக்கும் வரிக்கும் உள்ள தூரத்தை ஸ்டெப் ஓவர் என்கிறோம். அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, கட்டர் ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரப்பின் உயரம் வந்துவிடும். 10 மி.மீ. விட்டமுள்ள பால்நோஸில் 0.5 மி.மீ. ஸ்டெப் ஓவர் வைத்தால் வரப்பு சுமார் 6 மைக்ரான். டிராயிங்கில் எழுதும் ஆர்.ஏ. மதிப்பு (மேற்பரப்பின் சராசரிச் சொரசொரப்பு) இதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, அதாவது 1.6 மைக்ரான். ஸ்டெப் ஓவரை 0.35 ஆக்கினால் 0.8 வரும், 0.25 ஆக்கினால் 0.4 வரும். இது ஏட்டுக் கணக்குதான், மெஷினில் இதைவிடக் கொஞ்சம் மோசமாகவே வரும். ஆனால் இதற்குள் ஒரு விலைப்பட்டியல் இருப்பதைக் கவனியுங்கள். ஆர்.ஏ. பாதியானால் மெஷின் நேரம் ஒன்றே முக்காலோ இரண்டு மடங்கோ ஆவதில்லை, சுமார் 1.4 மடங்குதான் ஆகிறது. 250க்கு 150 மி.மீ. சோல் அச்சை 0.3 ஸ்டெப் ஓவரில் ஓட்டினால் 500 வரி, 125 மீட்டர் பயணம். நிமிடத்துக்கு 2000 மி.மீ. ஃபீடில் (கட்டர் நகரும் வேகத்தில்) அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வாங்குகிறவர் 1.6 என்றோ 0.8 என்றோ எழுதிவிட்டால் எத்தனை மணி நேரம் என்று நான் சொல்லிவிடுவேன், அதற்கான ரேட்டையும் சொல்லிவிடுவேன். "ஸ்மூத்" என்று எழுதினால் எதை வைத்து ரேட் போடுவது?

நேரத்தைக் கூட்டாமலே தரத்தைக் கூட்டவும் அதே கணக்கில் வழி இருக்கிறது. வரப்பைத் தீர்மானிப்பது கட்டரின் ஆரம். 10 மி.மீ.க்குப் பதிலாக 16 மி.மீ. பால்நோஸ் எடுத்தால், அதே 0.5 ஸ்டெப் ஓவரில் வரப்பு 6-லிருந்து 4 மைக்ரானுக்கு இறங்கிவிடும். ஜாப்பின் ஒரு மூலையில் ஆர்3 (3 மி.மீ. ஆர) வளைவு இருக்கிறது என்பதற்காக முழு மேற்பரப்பையும் 6 மி.மீ. கட்டரில் மணிக்கணக்காகச் சுரண்டுகிறவர்களைப் பார்க்கும்போது கை பரபரக்கிறது. பெரிய கட்டர் நுழைகிற இடமெல்லாம் பெரிய கட்டர், அந்த மூலைக்கு மட்டும் சின்னது. இவ்வளவுதான் விஷயம்.

சரிவுகளில் இன்னொரு பொறி. மேலிருந்து பார்க்கையில் 0.3 இடைவெளியில் போகிற வரிகள், 60 டிகிரி சரிவில் மேற்பரப்பின் மேல் 0.6 ஆக விரிந்துவிடும். வரப்பு நாலு மடங்கு. இம்பெல்லர் பேட்டர்னில் நடுப்பகுதி பளிச்சென்றும் இறக்கையின் ஓரம் படிக்கட்டாகவும் வருவது இதனால்தான். செங்குத்தான பகுதிக்கு உயரம் உயரமாக இறங்கும் வாட்டர்லைன் பாதை, படுக்கையான பகுதிக்கு இணைவரிப் பாதை என்று பிரித்துப் போட வேண்டும். அல்லது மேற்பரப்பின் மேலேயே சமதூரம் காக்கும் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று கிடைக்கும் கேம் மென்பொருள்களில் இந்த வசதி பெரும்பாலும் இருக்கிறது. பாதி பேர் அந்த மெனுவைத் திறப்பதில்லை.

கட்டுரையாளர் ஐந்து அச்சைப் புகழ்ந்ததற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. அதை அவர் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். பால்நோஸின் நட்டநடு முனை சுற்றுகிறதே தவிர வெட்டுவதில்லை. அங்கே வெட்டு வேகம் பூஜ்யம். 8000 சுற்றில் 10 மி.மீ. கட்டரின் முழு விட்டத்தில் நிமிடத்துக்கு 250 மீட்டர் வேகம் கிடைக்கும். படுக்கையான தளத்தைத் தொடும் முனைப் புள்ளியில் ஒன்றுமே கிடைக்காது. எஃகாவது அதைப் பொறுத்துக்கொள்ளும். மெத்தென்ற அலுமினியம் வெட்டுப்படாமல் நசுங்கி இழுபட்டு, மங்கலாகச் செதில் செதிலாக நிற்கும். ஐந்து அச்சில் கட்டரைச் சாய்த்து இந்த முனையைத் தவிர்த்துவிடலாம். மூன்று அச்சில் கட்டரைச் சாய்க்க முடியாது, ஆனால் ஜாப்பைச் சாய்க்கலாமே! கோணம் வைத்துச் சாய்க்கும் சைன் பிளேட்டில் 15 டிகிரி தூக்கிக் கட்டினால், தளத்தைத் தொடும் புள்ளி முனையை விட்டு விலகி, 2.6 மி.மீ. விட்டத்துக்கு வந்துவிடும். வேகம் பூஜ்யத்திலிருந்து 65 மீட்டருக்கு ஏறும். சோல் அச்சு போன்ற தட்டையான வளைவுகளுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. ஆழமான குழிகளுக்கு ஆகாது, சாய்த்தால் ஒரு சுவர் கட்டருக்கு எட்டாமல் மறைந்துவிடும். முழுத் தட்டையான இடங்களுக்குப் பால்நோஸே வேண்டாம், அடி தட்டையாக, மூலை மட்டும் உருட்டிய புல்நோஸ் கட்டர் போதும்.

அடுத்தது ஒட்டுதல். அலுமினியம் கட்டரின் விளிம்பில் அப்பிக்கொள்ளும். அப்பியது பிறகு பிய்ந்து ஜாப்பின் மேல் கோடு இழுக்கும். எஃகுக்கு வாங்கிய கருநீலக் கோட்டிங் கட்டரையே இதற்கும் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கோட்டிங்கிலேயே அலுமினியம் கலந்திருக்கிறது, சொந்தக்காரனைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? கோட்டிங் இல்லாத, பள்ளம் பளபளவென்று மெருகேற்றிய, கூரிய விளிம்புள்ள இரண்டு அல்லது மூன்று பல் கார்பைடு கட்டர்தான் அலுமினியத்துக்கு ஏற்றது. வசதி இருந்தால் வைரம் போன்ற கார்பன் பூச்சான டி.எல்.சி. கோட்டிங். அதை வேறு உலோகத்துக்குத் தொடவே விடாதீர்கள். எங்கள் பட்டறையில் அதற்குத் தனி டப்பா, அதன் மேல் தம்பி மண்டையோடு வரைந்து வைத்திருக்கிறான்.

வெட்டும் இடத்தில் ஊற்றும் கூலண்ட் விஷயத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கடம். மழை மறைவுப் பகுதியான இந்தக் கிழக்குப் பாலக்காட்டில் போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர். அதில் கலக்கிய கூலண்ட் சில நாளில் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும், கட்டருக்கு வழுக்கலும் போய்விடும். ஆர்.ஓ. தண்ணீரில் 8 முதல் 10 சதவீதம் கலந்து, கலப்பு அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டாலே பாதிக் கோடு குறையும். தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தொட்டியில் சேரும் என்பதால், ஊற்றிக் குறை நிரப்புவதும் ஆர்.ஓ. தண்ணீராகவே இருக்க வேண்டும். காரத்தன்மை ஏறிப்போன கூலண்ட் அலுமினியத்தின் மேல் கறை விடும், 7075 மாதிரி அலுமினியக் கலவைகளில் கூடுதலாகவே விடும். அந்தக் கறையைப் போக்கவும் பையன்கள் கையில் உப்புத்தாள்தான் போகிறது. குழிக்குள் தங்கிய சீவலைக் காற்றடித்து வெளியேற்றாவிட்டால் கட்டர் அதையே மறுபடி அரைத்து மேற்பரப்பில் தேய்க்கும். சீவல் வெளியேறுகிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து அச்சு தேவையில்லை.

புரோகிராம் பக்கம் ஒரு குறை. செருப்பு டிசைன்களைப் பல கம்பெனிகள் எஸ்.டி.எல். ஃபைலாக அனுப்புகிறார்கள். அது முக்கோணத் துண்டுகளால் ஆன உருவம். முக்கோணங்கள் பெரிதாக இருந்தால் மெஷின் அவற்றை அப்படியே வெட்டித் தரும், வளைவுக்குப் பதில் பட்டை பட்டையாக நிற்கும். பி.யு. ஊற்றியதும் அந்தப் பட்டை ஒவ்வொரு ஜோடிச் செருப்பிலும் அச்சாகும். வளைவை வளைவாகவே தரும் ஸ்டெப் (STEP) ஃபைல் அனுப்புங்கள் என்று கேட்டால், "எங்க டிசைனர் தர்றது இதுதான்" என்று பதில் வருகிறது. நம் பக்கம் செய்ய வேண்டியது, புதுப் பட்டை சேராமல் ஃபினிஷிங்குக்கு டாலரன்ஸை (கட்டர் பாதை உருவத்திலிருந்து விலக விடும் அளவை) 0.005 மி.மீ.க்குக் கீழே வைப்பது. அப்படி வைத்தால் புரோகிராமில் புள்ளிகள் பெருகும். நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஃபீடில் 0.05 மி.மீ. துண்டுகள் என்றால், மெஷினின் கன்ட்ரோலர் நொடிக்கு 1000 புரோகிராம் வரி படிக்க வேண்டும். பழைய கன்ட்ரோலர் திணறி நின்று நின்று போகும், நின்ற இடத்திலெல்லாம் தடம் விழும். ஃபானுக் கன்ட்ரோலரில் ஜி05.1 க்யூ1, சீமென்ஸில் சைக்கிள்832 என்று முன்கூட்டிப் பார்த்து ஓட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சில மெஷின்களில் அது விலை கொடுத்துத் திறக்க வேண்டிய ஆப்ஷன். இல்லாதவர்கள் ஃபீடைக் குறைத்தே ஆக வேண்டும்.

மீதியைச் சுருக்கிவிடுகிறேன், பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். முதல் முரட்டு வெட்டான ரஃபிங் விட்டுப்போன படிக்கட்டின் மேல் நேராக ஃபினிஷ் கட்டரை விடாதீர்கள். நடுவில் ஒரு செமி ஃபினிஷ் ஓட்டி, எங்கும் சமமாக 0.2 மி.மீ. விட்டு வையுங்கள். கட்டரைப் பிடிக்கும் கோலெட்டைத் துடைத்து, டயல் வைத்து ரன் அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) பாருங்கள். இல்லையென்றால் இரண்டு பல்லில் ஒன்றுதான் வேலை செய்யும். கட்டரை வெளியே நீட்டிக் கட்டாதீர்கள், நீட்டம் இரண்டு மடங்கானால் கட்டர் வளைவது எட்டு மடங்கு. போக வர இரு திசையிலும் வெட்டினால் அலுமினியத்தில் வெளிச்சக் கோடும் நிழல் கோடுமாகத் தெரியும். கடைசிச் சுற்றையாவது ஒரே திசையில், பல் தடித்த சீவலில் தொடங்கி மெலிதாக முடிக்கும் கிளைம்ப் முறையில் ஓட்டுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு உப்புத்தாளுக்கு என்ன வேலை? சில ஜாப்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. கண்ணாடிபோல் மின்ன வேண்டிய அச்சுக்குப் பாலிஷ்தான் வேண்டும், அது தனிக் கலை. நான் சொல்வது, மெஷினில் விட்டுப்போனதை மறைக்கப் போடுகிற உப்புத்தாளை. கை எங்கே அழுந்துகிறதோ அங்கே அதிகம் தேயும். நுணுக்கி வெட்டிய வளைவு கை போன போக்கில் மாறிவிடும். தாளின் துகள் மெத்தென்ற உலோகத்துக்குள் பதிந்து, மின்சாரம் கொண்டு ஆக்சைடு படலம் ஏற்றும் அனோடைஸ் செய்யும்போது புள்ளி புள்ளியாகத் தெரியும். அனோடைஸ் எதையும் மறைக்காது. கோடுகளை எடுத்துக் காட்டத்தான் செய்யும்.

அந்த வேலையைச் செய்கிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். பீஸ் ரேட்டுக்குத் தேய்க்கிறார்கள். முகத்தில் கட்டிய துண்டைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. ஆடிக் காற்று கணவாய் வழியாக அடித்து வீசும் மாதங்களில், பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே தேய்க்கிறார்கள். மிக நுண்ணிய அலுமினியத் தூசி வெடிக்கும் தன்மையுடையது. சீனாவின் குன்ஷான் நகரில் கார்ச் சக்கரங்களுக்குப் பாலிஷ் போடும் தொழிற்கூடத்தில் 2014 ஆகஸ்ட் 2-ஆம் தேதி நடந்த தூசி வெடிப்பில் 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே மெருகேற்றிக்கொண்டிருந்தது அலுமினியத்தைத்தான். ஈரம் பட்ட அலுமினியத் தூசி தானாகவே சூடேறும், ஹைட்ரஜனையும் விடும். நம் ஊரில் ஒரே மேசையில் காலையில் இரும்பு கிரைண்டிங், மாலையில் அலுமினிய பஃபிங். இரும்புப் பொறி அலுமினியத் தூசியின் மேல் விழுகிறது. சாயங்காலம் காற்றுக் குழாயால் மேசையை ஊதிச் சுத்தம் செய்கிறார்கள், தூசி முழுக்க அந்தரத்தில் எழும்புகிறது. ஊதாதீர்கள், தீப்பொறி வராத வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள், இரும்புக்கும் அலுமினியத்துக்கும் மேசையைப் பிரியுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும், "அக்கா, நாங்க எத்தன வருசமா செய்யறோம்" என்கிறார்கள். சிறு பட்டறைகள் பலவும் ஆய்வாளர் எட்டிப் பார்க்காத அளவுக்குச் சிறியவை.

ஆகவே வாங்குகிற கம்பெனிகளிடம் என் கோரிக்கை. டிராயிங்கில் ஆர்.ஏ. எண்ணை எழுதுங்கள். கோடு எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதையும் காட்டுங்கள். இது வீம்பு இல்லை. மணலிலிருந்து பேட்டர்ன் உருவப்படும் திசையிலேயே கோடுகள் ஓடினால் வரப்பு கொஞ்சம் இருந்தாலும் மணல் பிய்யாது. குறுக்கே ஓடினால் சின்ன வரப்பே மணலைக் கவ்விப் பிடிக்கும். அந்த ஒரு அம்புக்குறிக்காக நாங்கள் 0.8 வெட்ட வேண்டிய இடத்தில் 1.6 போதுமானதாகிவிடலாம், உங்களுக்கும் பணம் மிச்சம். அளக்கும்போது கோட்டுக்குக் குறுக்கே வைத்து அளங்கள். கோட்டின் போக்கிலேயே சொரசொரப்பு அளக்கும் டெஸ்டரை வைத்து அளந்து நல்ல எண் காட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். "மெஷின் செய்தபடியே, கையால் தேய்க்கக் கூடாது" என்று பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேருங்கள். கை வேலை உண்மையிலேயே வேண்டுமென்றால் அதைத் தனி வரியாக, தனி ரேட்டாகப் போடுங்கள், தேய்க்கிறவனுக்கு முகமூடி வாங்கும் காசாவது அதில் வரட்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து எங்களிடம் பழக வரும் பையன்களில் பலர் பத்தாவது வரை தமிழில் படித்தவர்கள். ஐ.டி.ஐ.யில் அவர்கள் கையில் கிடைப்பது ஆங்கிலப் புத்தகம், சொல்லிக் கொடுப்பது மலையாளத்தில். மேற்பரப்புக் குறியைக் காட்டினால் பழைய முறைப்படி முக்கோணக் குறிகளை எண்ணுகிறார்கள், ஆர்.ஏ. என்றால் முழிக்கிறார்கள். தொழில் பக்கத்தில் வாரம் அரைப் பத்தி ஒதுக்கி, ஒரு டிராயிங் குறியைப் படத்தோடு தமிழில் விளக்கி வெளியிட்டால் அதை வெட்டி மெஷின் பக்கத்தில் ஒட்டி வைப்போம். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் எழுதித் தர நான் தயார், சன்மானம் வேண்டாம்.

பெயரை வெளியிட வேண்டாம். எங்களுக்கு வேலை தருகிறவர்களும் இதே நாளிதழைத்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு கேம் புரோகிராமர்,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்.